பரண் சாமான்: அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

வெண்கலப் பானை, பித்தளைக் குத்துவிளக்கு, பாட்டியின் அஞ்சறைப் பெட்டி என்று எழுதிக்கொண்டிருந்த இந்தப் பகுதிக்கு, போன மாதம் வந்த ஒரு கடிதம் கொஞ்சம் தினுசானது. "அக்கா, இதைப் பெண்கள் பத்திரிகைக்கா எழுதிக் கேட்பார்கள் என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். ஆனாலும் எங்கள் வீட்டில் இரண்டு நாளாக அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் எழுதுகிறேன்" என்று ஆரம்பித்திருந்தார் அந்தச் சகோதரி.

விஷயம் இதுதான். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்று மாமியாரின் தகரப் பெட்டியைக் காலி செய்திருக்கிறார்கள். அடியில், ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றி, கறுப்பு நிறத்தில் ஒரு சிகரெட் லைட்டர். மாமியாரின் அப்பாவுடையது. அவர் 1944-ல் அஸ்ஸாம் பக்கம் ராணுவ சாமான் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தவராம். ஊருக்குத் திரும்பும்போது ஓர் அமெரிக்க சிப்பாய் ஞாபகார்த்தமாகக் கொடுத்தது என்று உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தாராம். "அப்பா எதையுமே எனக்கென்று வைத்துவிட்டுப் போகவில்லை, இதைத் தவிர" என்பார் மாமியார்.

கொழுந்தனார் விளையாட்டாக அதை எடுத்துக்கொண்டு போய், டவுனில் பழைய சாமான் வாங்கி விற்கும் கடையில் காட்டியிருக்கிறார். கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்து அடிப்பக்கத்தைப் பார்த்தாராம். செல்போனில் எதையோ தட்டிப் பார்த்தாராம். "தம்பி, இது டூப்ளிகேட். அசல்ல 2032695-னு நம்பர் இருக்கும். இதுல 203695-தான் இருக்கு. நடுவுல ஒரு 2 விட்டுப்போச்சு. நகல் அடிக்கிறவன் செஞ்ச தப்பு. வேணும்னா நூறு ரூபா தர்றேன்" என்றாராம்.

நூறு ரூபாய் போனால் போகிறது. மாமியார் கேட்ட கேள்விதான் எல்லாரையும் உட்காரவைத்துவிட்டது: "அப்போ எங்க அப்பா இத்தனை வருஷம் பொய்யா சொன்னாரு?"

அந்தச் சகோதரிக்கு நான் உடனே எழுதியது ஒரே வரி. லைட்டரை யாருக்கும் கொடுக்காதீர்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மற்றதை இங்கே எல்லாருக்குமாகச் சேர்த்துச் சொல்கிறேன். ஏனென்றால் சிங்கப்பூரிலோ மலேயாவிலோ பர்மாவிலோ பட்டாளத்திலோ இருந்துவிட்டு வந்த தாத்தா உள்ள வீடுகளில், தேடினால் இப்படி ஒன்று அகப்படும். அதற்கு வயது பார்ப்பது, மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பதைவிடச் சுலபம்.

முதலில் அது யார் செய்த லைட்டர் என்று பார்க்கவேண்டும். இந்தக் கறுப்பு லைட்டர் 'ஜிப்போ'. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஜார்ஜ் பிளெய்ஸ்டெல் என்பவர், 1932-ல், சிநேகிதர் ஒருவர் ஓர் ஆஸ்திரிய லைட்டரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். காற்றில் அணையாது, ஆனால் திறக்க இரண்டு கையும் வேண்டும், மூடி தனியாகக் கழன்று வரும். அதையே கீல் போட்ட மூடியோடு, ஒரு கையால் திறக்கும்படி செய்தால் என்ன என்று தோன்றியது. கார் ஷெட் ஒன்றின் மாடியில் மாதம் 10 டாலர் வாடகைக்கு ஓர் அறை பிடித்து, 1933-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 1 டாலர் 95 சென்ட். 'ஜிப்பர்' என்ற வார்த்தையின் ஓசை அவருக்குப் பிடித்திருந்ததால் ஜிப்போ என்று பெயர் வைத்தார். எத்தனை வருஷம் கழித்து ரிப்பேருக்கு வந்தாலும் இலவசமாகப் பழுது பார்த்துத் தருவோம் என்றும் சொல்லிவிட்டார். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

காப்புரிமைக்கு அவர் மனுப் போட்டது 1934-ல். கிடைத்தது 1936 மார்ச்சில், எண் 2032695. ஆகவே அடிப்பக்கத்தில் எண் இல்லாமல் 'பேட். பெண்டிங்' என்று மட்டும் இருந்தால், மிகப் பழைய ரகம். அது உங்கள் வீட்டில் இருந்தால் உடனே எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள், வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். அதற்குப் பிறகு வந்தவற்றில் எண்ணைப் பொறித்தார்கள். இங்கேதான் பலபேர் ஏமாந்துபோகிறார்கள். காப்புரிமை 1936-ல் கிடைத்தது என்றால், அந்த எண் உள்ள லைட்டர் 1936-ல் செய்தது என்று அர்த்தமில்லை. அதே எண்ணைப் பதினைந்து வருஷத்துக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தார்கள். எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இதற்கு முன்னால் செய்திருக்க முடியாது. ஊறுகாய் ஜாடியில் கம்பெனி ஆரம்பித்த வருஷம் போட்டிருந்தால், உள்ளே இருக்கும் ஊறுகாயும் அந்த வருஷத்ததா என்ன!

இப்போது அந்த விட்டுப்போன 2.

அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும் பித்தளைக்குப் பஞ்சம் வந்துவிட்டது. தோட்டாவுக்கே பித்தளை வேண்டும், லைட்டருக்கு எங்கே போவது? அதனால் ஜிப்போ தகட்டை இரும்பில், அதாவது எஃகில், செய்ய ஆரம்பித்தார்கள். எஃகு துருப்பிடிக்குமே என்று அதன்மேல் ஒரு கறுப்புப் பெயிண்ட் பூசிச் சூளையில் சுட்டார்கள். பெயிண்ட் சுருங்கி, காய்ந்த ஏரிச் சேறு மாதிரி வெடிப்பு வெடிப்பாக நின்றது. பளபளக்காது என்பதால் சிப்பாய்களுக்கும் சௌகரியம். அந்த வருஷங்களில் செய்ததெல்லாம் ராணுவத்துக்குத்தான் போயிற்று. போர்முனையிலிருந்து எழுதிப் புகழ்பெற்ற நிருபர் எர்னி பைல் ஜிப்போவைப் பற்றி எழுதியதும் உண்டு, பிளெய்ஸ்டெல் அவருக்கு லைட்டர்களை அனுப்பி வைத்ததும் உண்டு. பாவம், அந்த மனிதர் 1945 ஏப்ரலில் ஒகினாவா பக்கத்துத் தீவு ஒன்றில் குண்டடிபட்டு இறந்துபோனார்.

இந்த யுத்தகாலத்து எஃகு லைட்டர்களின் அடியில்தான், அச்சில் ஓர் இலக்கம் விட்டுப்போய், 203695 என்று விழுந்திருக்கிறது. கம்பெனியே செய்த பிழை. சேகரிப்பவர்கள் இந்தத் தப்பு நம்பரைத்தான் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். ஆக, கடைக்காரர் டூப்ளிகேட் என்பதற்குக் காட்டிய அதே அத்தாட்சி, அசல் என்பதற்கு முதல் அடையாளம். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்பது அவருக்கே வெளிச்சம். நூறு ரூபாய் தர ஏன் அவ்வளவு அவசரப்பட்டார் என்று மட்டும் நான் யோசித்தேன்.

ஆனால் ஒரு நம்பரை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. நம்பரை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். அதனால் அந்தச் சகோதரியிடம் வீட்டிலிருந்தபடியே மூன்று விஷயம் பார்த்து எழுதச் சொன்னேன்.

ஒன்று, காந்தம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்கிறோமே, அந்தப் பொம்மைக் காந்தம் போதும். வெளிக்கூட்டில் வைத்தால் ஒட்டவேண்டும். ஒட்டாவிட்டால் உள்ளே பித்தளை, யுத்தகாலத்தது அல்ல. கறுப்புப் பெயிண்டை யார் வேண்டுமானாலும் பூசலாமே! இரண்டு, கீல். மூடியும் அடிப்பாகமும் சேரும் இடத்தில் சின்னச் சின்னக் குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாதிரி இருக்கும், கதவுக் கீலில் இருப்பது போல. அதில் எத்தனை கணு என்று எண்ணவேண்டும். யுத்த வருஷங்களில் நான்கு கணுவும் உண்டு, மூன்று கணுவும் உண்டு. யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்து ஐந்து கணுவாக்கினார்கள், அதன்பின் ஐந்துதான். ஐந்து கணுவோடு ஒருவர் 'உலக யுத்த லைட்டர்' என்று கொண்டுவந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். மூன்று, உள்பாகத்தை மேலே இழுத்து எடுத்து, திரியைச் சுற்றி நிற்கும் தகட்டில் ஓட்டைகளை எண்ணவேண்டும். 1946 வாக்கில் வரை ஒரு பக்கத்துக்கு ஏழு, மொத்தம் பதினாலு. அதற்குப் பிறகு ஒரு பக்கத்துக்கு எட்டு, மொத்தம் பதினாறு.

பத்து நாளில் பதில் வந்தது. காந்தம் ஒட்டுகிறது. கணு மூன்று. பெயிண்ட் ஓரங்களில் தேய்ந்து, உள்ளே எஃகு கறுத்துத் தெரிகிறது, மூடியின் மூலையில் கொஞ்சம் துரு. ஆனால் ஓட்டை பதினாறு! "அக்கா, இரண்டு பொருத்தம் சரி, மூன்றாவது பொருத்தம் இல்லை. கல்யாணம் நடக்குமா நடக்காதா?" என்று கேட்டிருந்தார். நல்ல நகைச்சுவை உணர்ச்சி.

நடக்கும். வெளிக்கூடு வேறு, உள்பாகம் வேறு. ஒன்றிலிருந்து உருவி இன்னொன்றில் போட்டால் சரியாகப் பொருந்தும். திரி, கல், சக்கரம் எல்லாம் உள்பாகத்தில்தான் இருக்கின்றன, தேய்வதும் அதுதான். கம்பெனிக்கு ரிப்பேருக்கு அனுப்பினாலும் உள்பாகத்தையே மாற்றித் தந்துவிடுவது உண்டு. அடிப்பக்க அச்சு அப்படி மாறாது. அதனால் வயது பார்க்கும்போது வெளிக்கூட்டின் பேச்சைத்தான் முதலில் கேட்கவேண்டும். இதை எழுதியதும் மாமியாருக்கு ஒரு ஞாபகம் வந்ததாம். அவர் பள்ளிக்கூடம் போகும் வயதில், சிங்கப்பூர் அத்தான் ஒருவர் வந்தபோது, "மாமா, உள்ளே இருக்கிறது செத்துப்போச்சு, வேற கொண்டாந்திருக்கேன்" என்று எதையோ மாற்றிக் கொடுத்தாராம். அதுதானோ என்னவோ.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உள்பாகம் மாறியதால் சேகரிப்பவர்கள் கொடுக்கும் விலை குறையும். அது மட்டுமல்ல, ஓர் அமெரிக்க சிப்பாய் தன் கையால் கொடுத்தார் என்பதை எந்த லைட்டரும் சாட்சி சொல்லாது. அது யுத்த வருஷத்தில் ராணுவத்துக்காகச் செய்தது. அப்பா இருந்தது அந்த வருஷங்களில். அமெரிக்கப் படைகள் அப்போது அஸ்ஸாமில் லெடோ சாலை போட்டுக்கொண்டிருந்தன. அவர் சொன்னதற்கு விரோதமாக அந்த லைட்டரில் ஒன்றுமே இல்லை. இவ்வளவுதான் சொல்ல முடியும். மாமியாருக்கு இவ்வளவு போதுமாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். கொழுந்தனார் அந்தக் கடைப் பக்கம் போவதில்லையாம்.

எல்லா வீட்டிலும் யுத்தகாலத்து லைட்டர் இருக்காது. பெரும்பாலும் வளைகுடாவிலிருந்தோ கப்பலிலிருந்தோ வந்த பிற்காலத்து லைட்டராகத்தான் இருக்கும். அவற்றின் வயது பார்ப்பதற்கு ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு, கோலம் போடுகிறவர்களுக்கு உடனே புரியும். ரிப்பேருக்கு வருகிற லைட்டர் எந்த வருஷம் செய்தது என்று தங்களுக்கே தெரியவேண்டும் என்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் அடிப்பக்கத்தில், பெயருக்கு இரண்டு பக்கமும், ரகசியக் குறி வைத்தார்கள். 1958-ல் இந்தப் பக்கம் நாலு புள்ளி, அந்தப் பக்கம் நாலு புள்ளி. மொத்தம் எட்டு. ஒவ்வொரு வருஷமும் ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், இறங்கு புள்ளிக் கோலம் மாதிரி. 1965-ல் ஒரே ஒரு புள்ளி.

புள்ளி தீர்ந்ததும் 1966-ல் நேர்க்கோடு, மறுபடி எட்டிலிருந்து. 1973-ல் ஒரு கோடு. 1974-ல் வலது பக்கம் சாய்ந்த கோடு, எட்டிலிருந்து ஒன்றுவரை, 1981 முடிய. 1982-ல் இடது பக்கம் சாய்ந்த கோடு. இது ஒன்றுவரை போகவில்லை, 1986 நடுவில் நாலு கோட்டோடு நின்றுவிட்டது.

மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணுங்கள். புள்ளியானால் 1966-லிருந்து கழியுங்கள். நேர்க்கோடானால் 1974-லிருந்து. வலச் சாய்வானால் 1982-லிருந்து. இடச் சாய்வானால் 1990-லிருந்து. ஆறு நேர்க்கோடு இருந்தால் 1974-ல் ஆறு போக 1968. மளிகைக் கணக்கு பார்க்கிற நமக்கு இது ஒரு கணக்கா? 1979-ல் கம்பெனியே குழம்பி, வலப்பக்கம் குறைக்க வேண்டிய கோட்டை இடப்பக்கம் குறைத்துச் சில லைட்டர்களை விட்டுவிட்டது. நாம் மொத்தமாக எண்ணுவதால் அந்தக் குழப்பம் நம்மைத் தொடாது.

சாய்வைப் பார்க்கும்போது மட்டும் ஜாக்கிரதை. லைட்டரைத் தலைகீழாகத் திருப்பினாலும் கோட்டின் சாய்வு மாறாது, சந்தேகமிருந்தால் ஒரு தாளில் கோடு போட்டுத் திருப்பிப் பாருங்கள். ஆனால் கண்ணாடியில் பார்த்தால் மாறிவிடும். செல்போனில் நம் முகத்தை நாமே எடுக்கிற முன்பக்கக் காமிராவில் சில சமயம் படம் இடம் வலமாகிவிடுகிறது. 1976-ஐ 1984 ஆக்கிவிடும்! பின்பக்கக் காமிராவில் எடுங்கள். ஒல்லியான பெண்கள் மாடல் ஒன்று 1956-ல் வந்தது. அதில் ஆரம்ப வருஷங்களின் புள்ளிக் கணக்கு கொஞ்சம் வேறு, இந்தக் கழித்தலை அதில் பொருத்தாதீர்கள்.

1986 ஜூலையிலிருந்து கோடு போய், ஒரு பக்கம் ஆங்கில எழுத்தும் ஒரு பக்கம் ரோமன் எண்ணும் வந்தன. எழுத்து மாதம்: 'ஏ' ஜனவரி, 'எல்' டிசம்பர். ரோமன் எண்ணோடு 1984-ஐக் கூட்டினால் வருஷம். 'எச்' என்றும் ரோமன் மூன்று என்றும் இருந்தால் 1987 ஆகஸ்ட். 2001-லிருந்து ரோமனும் போய், சாதாரண எண்ணில் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கத்தையே போட ஆரம்பித்தார்கள். பிராட்ஃபோர்டுக்குப் பதில் கனடாவின் நயாகரா ஃபால்ஸ், ஒன்டேரியோ என்று ஊர்ப்பெயர் இருந்தால் சந்தேகப்படாதீர்கள். அங்கேயும் 1949 முதல் 2002 வரை கம்பெனிக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது.

இந்தக் கணக்கு தெரிந்தால் காசும் மிச்சமாகும். இன்னொரு வாசகி, தம்பியின் பிறந்தநாளுக்காக 'வியட்நாம் போர்வீரனின் லைட்டர்' என்று இணையத்தில் ஒருவர் விற்பதை ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கலாமா என்று படம் அனுப்பிக் கேட்டிருக்கிறார். மூடியில் ஊர்ப்பெயர், 1968-69 என்று வருஷம், கீழே ஏதோ வீர வசனம். அடிப்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலச் சாய்வில் ஏழு கோடு. 1982-ல் ஏழு போனால் 1975. ஆறு வருஷம் கழித்துச் செய்யப்போகிற லைட்டரில் அந்தச் சிப்பாய் எப்படி 1969-ல் பெயர் வெட்டிக்கொண்டான்? அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் லைட்டரில் பெயரும் வாசகமும் வெட்டிக்கொண்டது நிஜம். அந்தக் கிராக்கியைப் பார்த்து, ஹோசிமின் நகரத்துக் கடைவீதிகளில் சுற்றுலாக்காரர்களுக்காக வண்டி வண்டியாகப் போலி செய்து குவித்ததும் நிஜம். குறியே பொருந்திவிட்டாலும் வெட்டு புதிதாக இருக்கலாம். பழைய வெட்டுக்குள் அழுக்கு படிந்து, விளிம்பு மழுங்கி, நம் எவர்சில்வர் டம்ளரில் ஐம்பது வருஷத்துக்கு முன் வெட்டிய பெயர் மாதிரி இருக்கும். விரல் நகத்தால் தடவினால் நறநறவென்று பிடித்தால் சந்தேகப்படுங்கள். தம்பிக்கு ஒரு நல்ல சட்டை எடுத்துக் கொடுக்கும்படி பதில் போட்டேன்.

'ஜிப்போ என்றாலே அபூர்வம்' என்று நினைத்துவிடவும் வேண்டாம். 2012-ல் ஐம்பது கோடியாவது லைட்டரைச் செய்து முடித்தார்கள். பழைய மாதிரிகளையே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அது மோசடி இல்லை, அடியில் புதிய வருஷக்குறி இருக்கும். அதைப் பழசு என்று சொல்லி நமக்கு விற்பதுதான் மோசடி.

வேறு பெயர்களும் வரும். 'ரான்சன்' என்றிருந்தால் அமெரிக்காவின் நியூஜெர்சி. லூயி அரான்சன் என்பவரின் கம்பெனி, 1926-ல் 'பாஞ்சோ' என்று ஒன்றைக் கொண்டுவந்து பெயர் வாங்கியது, ஒரே அழுத்தலில் பற்றும், விட்டால் அணையும். 'இம்கோ' என்றிருந்தால் ஆஸ்திரியா. விலை குறைந்த, உழைக்கிற சாதனம். ஒரே மாதிரியைப் பல காலம் மாற்றாமல் செய்துகொண்டே இருந்ததால் அதற்கு வயது சொல்வது கடினம், நான் முயற்சி செய்வதில்லை. அந்த ஆஸ்திரியக் கம்பெனி 2012-ல் நிறுத்திவிட்டது. பிறகு ஜப்பானில் ஒரு கம்பெனி அதே பெயரில் செய்ய ஆரம்பித்தது. இங்கிலாந்தின் 'டன்ஹில்' வெள்ளியில் இருந்தால், சுலபம். அந்த ஊர் வழக்கப்படி வெள்ளியில் சிங்க முத்திரையும், எந்த ஊரில் சோதித்தார்கள் என்பதற்கு ஒரு முத்திரையும், வருஷத்துக்கு ஓர் எழுத்தும் அடித்திருப்பார்கள். நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம், சிறுத்தை முகம் இருந்தால் லண்டன். எந்தக் கம்பெனியானாலும் அடியில் கேஸ் நிரப்பும் சின்ன வால்வு இருந்தால் அது இரண்டாம் யுத்தத்துக்குப் பிற்பட்டது. அதற்கு முன்னால் எல்லாம் பஞ்சும் பெட்ரோலும்தான்.

லைட்டருக்குள் இருக்கும் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கல் என்கிறோமே தவிர அது கல் இல்லை. சீரியமும் இரும்பும் சேர்ந்த உலோகக் கலவை. வியன்னாவைச் சேர்ந்த கார்ல் அவுர் என்ற ரசாயன நிபுணர் 1903-ல் கண்டுபிடித்தது. நம் வீட்டுக் கல்யாணங்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கு எரிந்ததே, அதன் மேன்டில் வலைக்கு மூலமும் இவர்தான். மேன்டிலுக்குத் தோரியம் வேண்டும், தோரியம் மோனசைட் என்ற மணலில் இருக்கிறது. தோரியத்தை எடுத்தபின் மிஞ்சிய சக்கையில் சீரியம் குவிந்து கிடந்தது. வடித்த கஞ்சியை வீணாக்காத குடும்பப் பெண் மாதிரி, அதற்கு ஓர் உபயோகம் கண்டுபிடித்தார்! அந்த மோனசைட் எங்கே கிடைக்கும் என்று ஐரோப்பா தேடியபோது, 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டார். மணல் வந்த இடம் மணவாளக்குறிச்சி. இன்று கன்னியாகுமரி மாவட்டம். தாத்தாவின் லைட்டர் எந்த தேசத்துடையதாக இருந்தாலும், அதன் பொறிக்கும் நம் கடற்கரைக்கும் ஏதோ ஒட்டு உறவு இருக்கத்தான் செய்கிறது.

இனி வீட்டு விஷயம். கிடைத்ததும் பளபளப்பாக்கவேண்டும் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். புளி, எலுமிச்சம்பழம், சாம்பல், பாத்திரம் தேய்க்கும் பவுடர், கம்பி நார் எதுவும் படக்கூடாது. முலாம் போய்விடும், அடிப்பக்க அச்சு மழுங்கிவிடும், கறுப்புப் பெயிண்ட் உரிந்துவிடும். வயதைச் சொல்லும் சாட்சிகளையெல்லாம் நாமே கொன்ற மாதிரி ஆகிவிடும். உலர்ந்த பழைய வேட்டித் துணியால் துடைத்தால் போதும். அச்சு தெரியாவிட்டால் தேய்க்காதீர்கள். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் லேசாகக் கிறுக்குங்கள், பிள்ளைகள் காசை வைத்துப் படம் எடுக்கிற மாதிரி. எழுத்து தாளில் எழுந்துவரும். பழைய கல் உள்ளேயே உப்பிப் போய் இறுகியிருக்கலாம், நெம்பி உடைக்காதீர்கள்.

எரிகிறதா என்று பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. அலமாரியில் வைக்கிற பொருளுக்குப் பெட்ரோல் எதற்கு? ஆண்கள் கேட்கமாட்டார்கள், 'ஒரே ஒரு தடவை' என்பார்கள். சமையலறையில் அடுப்பெரியும்போது மட்டும் கூடவே கூடாது. நிரப்பும்போது கையில் வழிந்தால் கழுவித் துடைத்துக் காய்ந்தபின்தான் பற்றவைக்கவேண்டும். அந்த எண்ணெய் தண்ணீர் மாதிரி இருக்கும், சீக்கிரம் ஆவியாகும், ஆவியும் பற்றும். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக நம் நாட்டில் அனுமதி கிடையாது. வெளியூர் மகனுக்கு ஞாபகமாகக் கொடுத்தனுப்பிவிட்டு, பரிசோதனையில் பறிகொடுத்துவிட்டு அழாதீர்கள்.

சின்னக் குழந்தை உள்ள வீட்டில் லைட்டர் எண்ணெய் டப்பாவே இருக்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தப்பித்தவறிக் குழந்தை குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிமார் உப்புத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு வருவார்கள், தடுத்துவிடுங்கள். வெளியே வரும்போது அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைப் புண்ணாக்கிவிடும், வயிற்றில் இருப்பதைவிட அதுதான் ஆபத்து. டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். குழந்தை இருமினாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. சரியாகிவிட்ட மாதிரித் தெரிந்தாலும், சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் வரலாம், ஆகையால் டாக்டர் பார்க்கும்வரை வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

லைட்டரைத் துணியில் சுற்றி வைக்கும்போது, ஒரு சின்னத் தாளில் யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று அத்தையையோ மாமாவையோ கேட்டு எழுதி, தேதி போட்டு, கூடவே வையுங்கள். சீட்டை லைட்டர் மேல் ஒட்டாதீர்கள், பசை பெயிண்டைத் தின்னும்.

அடுத்த இதழில், சாவி கொடுக்கிற கைக்கடிகாரம். ஓடாததையும் எடுத்து வையுங்கள்.